கையைக் கேட்காமல் விற்ற மோதிரம்

கண்ணுகளா, போன மாசம் நான் வேலையை விட்டு நின்னப்ப எனக்கு மாலையைப் போட்டு, மைக்கைக் கையில குடுத்து, "அக்கா, எங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க"ன்னீங்க. எனக்கு மைக்கைக் கண்டாவே ஆகாது. "நல்லாருங்க"ன்னு ஒத்தை வார்த்தையைச் சொல்லிப்போட்டு, கேசரியைத் தின்னுட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். இன்னொரு வார்த்தை பாக்கி நிக்குதேன்னு அன்னையிலிருந்து மனசு அரிச்சுட்டே இருக்குது. அதுக்குத்தான் இதை எழுதறேன்.

நம்ம நகைக்கடை மோதிரக் கவுண்டர்ல இருபத்தாறு வருசம் நின்னேன். நின்னேன்னுதான் சொல்லணும், கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குத்தான் நாற்காலி. கால் வீங்கினது நெசம். ஆனா என்ற மகளைப் படிக்க வெச்சது அந்தக் கவுண்டர்தான். நாலு சனம் என்னைத் தேடிட்டு வந்து "அக்கா இருக்காங்களா"ன்னு கேட்டதும் அதனாலதான். குறை சொன்னா என்ற நாக்கு அழுகிப் போயிரும். எடை போடறது, பில் போடறது, சேதாரம் பேசறது எல்லாம் மேனேஜர் சொல்லித் தந்துருவாரு. நான் சொல்ல வர்றது ஒரே ஒரு மோதிரத்தோட கதை.

நான் வேலைக்குச் சேந்தப்ப கல்யாண நாளுக்குன்னு நகை எடுக்க ஒருத்தரும் வர மாட்டாங்க. கண்ணாலமான தேதியே பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. "அந்த வருசம் தை கடைசில, மஞ்சள் வெட்டிட்டு இருந்தப்ப"ன்னு சொல்லுவாங்க. இப்ப போன்ல ஸ்டேட்டஸ் வெக்கலீன்னா ஊட்ல சோறு கெடைக்காது. ஆடியில நம்ம பக்கம் கண்ணாலம் நடக்காது, அதனால ஆடியில கல்யாண நாளும் வராது. அந்த ஒரு மாசம் நம்ம கவுண்டர்ல ஈ ஓட்டலாம். ஆவணி பொறந்துச்சுன்னா ஆம்பளைங்க வருவாங்க பாருங்க, திருட்டு முழி முழிச்சுட்டு! பனியன் கம்பெனியில ஆர்டர் பாக்கற ஒரு மெர்ச்சண்டைசர் தம்பி, சம்சாரத்தோட வளையல் அளவைச் சீட்டுல எழுதி, பக்கத்துலயே 'கால் இஞ்ச் முன்னப்பின்ன இருக்கலாம்'னும் எழுதிட்டு வந்தாரு. "பனியனுக்குச் சரிங்க தம்பி, வளையலுக்குக் கால் இஞ்ச் கொறைஞ்சா கையை ஒடிச்சுத்தான் மாட்டணும்"னேன்.

நான் சொல்ற ஆளு அப்படியொரு ஆவணியில வந்தவரு. பத்து வருசம் இருக்கும். சாயங்காலம், கம்பெனி விட்டு நேரா வந்திருந்தாரு. சட்டைக் காலர், காது மடல் எல்லாம் பஞ்சு. வேலம்பாளையத்துல ஒரு பனியன் கம்பெனியில துணி வெட்டற கட்டிங் மாஸ்டர், சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். பேரு வேண்டாம், மாஸ்டர்னே சொல்றேன்.

"அக்கா, வர்ற வெள்ளிக்கிழமையோட எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருசம். வெறும் மஞ்சக்கயிறைக் கட்டிக் கூட்டியாந்தேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு குண்டுமணித் தங்கம் வாங்கிக் குடுத்ததில்லக்கா. கொஞ்சம் கொஞ்சமாச் சேத்து வச்சிருக்கேன். மோதிரம் குடுங்க. கல்லு பொடிசா இருந்தாலும் வைரமா இருக்கணும்."

"எப்பவாச்சும் போடறதுக்குங்களா, தினப்படிக்குங்களா?"

"பீரோவுல வச்சுப் பூட்டுறது வேணாம்க்கா. தினமும் போடணும். நான் பாக்கணும்."

அளவு கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்தாரு. தைக்கிற நூல்தான், வளையமா முடிச்சுப் போட்டது. சம்சாரம் டிவி பாத்துட்டு இருக்கையில வெளையாட்டாட்ட விரல்ல சுத்தி அளவெடுத்தாராம். அந்த நூலைப் பாத்ததும் எனக்கு மனசு எளகிப் போச்சு. எப்படியாவது நல்லதா ஒண்ணை எடுத்துக் குடுத்தறணும்னு ஆயிருச்சு.

"ஊட்ல அவங்க வேலைக்கு ஏதாச்சும் போறாங்களாங்க?"

"கம்பெனிக்குப் போறாக்கா."

திருப்பூர்ல கம்பெனிக்குப் போறான்னா, மத்த ஊர்ல மூச்சு விடறான்னு சொல்றாப்டி. எந்தக் கம்பெனி, அங்க என்ன வேலைன்னு நான் மேல கேக்கலை. கேக்க வேண்டிய எடம் அதுதான். நான் ட்ரேயை எடுக்கறதுலயே குறியா இருந்தேன்.

ஒத்தை வைரக்கல் மோதிரம். நாலு பக்கமும் நாலு குட்டிக் கொக்கி கல்லைத் தூக்கிப் புடிச்சுட்டு நிக்கும். வெளிச்சம் உள்ள பூந்து வரும், கல்லு அப்படி மின்னும். மாஸ்டர் அதை உள்ளங்கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கண்ணு கலங்கி, பஞ்சு ஒட்டின சட்டைக் கையாலயே தொடச்சுக்கிட்டாரு. அன்னிக்கு ஊட்டுக்குப் போயி ரெண்டு தோசை எச்சாச் சாப்பிட்டேன், அவ்வளவு சந்தோசம் எனக்கு.

திங்கக்கிழமை, பதினோரு மணி இருக்கும். சுடிதார் மேல கம்பெனிக் கோட்டு போட்ட ஒரு அம்மா வந்து, அந்த மோதிர டப்பாவை என்ற முன்னால வெச்சாங்க. "நான் மாஸ்டர் சம்சாரம், பாண்டியம்மா"ன்னாங்க. சத்தம் போடலை, சண்டைக்கு நிக்கலை. ரெண்டு கையையும் கண்ணாடி மேல விரிச்சு வெச்சாங்க. நகத்தை ஒட்ட வெட்டி, வளையல் இல்லாம, கழுவித் தொடச்ச கை.

அந்தக் கையைப் பாத்ததும் எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சு. அது செக்கிங் கை.

இதுல வெக்கக்கேடு என்னன்னா, நகைக்கடைக்கு வர்றதுக்கு முன்னால ஆறு வருசம் நானே பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தவ. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். தைச்சு வந்த பீஸை டேபிள்ல விரிச்சு, கையை உள்ள விட்டுத் தடவித் தடவிப் பாக்கணும், ஓட்டை இருக்குதா, கறை இருக்குதான்னு. பனியன் துணி பொல்லாதது. நகம் சொரசொரன்னு இருந்தாக்கூட ஒரு கண்ணியைப் புடிச்சு இழுத்துரும். முதல்ல சின்ன இழுப்பாத்தான் இருக்கும், துவைச்சா அது ஓட்டையாயிரும். அதனால செக்கிங்ல கல்லு மோதிரம் ஆகவே ஆகாது. நான் கண்ணாடி வளையல் மேல துணியைச் சுத்திட்டு வேலை பாத்தவ. ஏசி காத்துலயும் பட்டுச் சீலையிலயும் அத்தனையும் மறந்து போச்சு. நாலு கொக்கி வெச்ச மோதிரத்தை ஒரு செக்கிங்காரம்மா விரலுக்கு வித்திருக்கறேன், அதுவும் தினப்படிக்கு.

நடந்ததைப் பாண்டியம்மா சொன்னாங்க. வெள்ளிக்கிழமை மாஸ்டர் தன் கையால போட்டு விட்டிருக்காரு. சனிக்கிழமை வண்டியில கொண்டாந்து விடறப்ப, மோதிரம் விரல்ல இருக்குதான்னு பாத்துட்டுத்தான் போனாராம். கழட்டி வெச்சாத் தொலைஞ்சுருமோன்னு பயம். அதனால மோதிரத்து மேல பிளாஸ்திரியைச் சுத்திட்டு வேலையில உக்காந்திருக்காங்க. மத்தியானம் சோத்துக்குக் கை கழுவினதுல பிளாஸ்திரி நனைஞ்சு நழுவியிருக்குது. அவங்களுக்குத் தெரியலை. சாயங்காலம் அயர்ன் பண்றவரு மூணு பீஸ்ல இழுப்பைக் கண்டுபுடிச்சிருக்காரு. எல்லாம் கைக்குழந்தைங்க போடற வெள்ளை பனியன்.

"யாரு கைன்னு இன்னைக்குக் காலையில ஓனரம்மா கேட்டாங்க. நாந்தான்னு சொல்லிட்டேன்க்கா. பதினாலு வருசமா எங்கிட்டருந்து போன பீஸு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. நாளைக்குக் காலையில சரக்கு வாங்குற பையரோட ஆளு வந்து பாக்குறாரு. அதுல ஒரு இழுப்பு தட்டுப்பட்டாலும் அம்புட்டையும் தள்ளிருவாங்க. 'நீ தள்ளி உக்காரு, உன் கை படக்கூடாது, நாளைக்குப் பாத்துட்டு முடிவு சொல்றேன்'னுட்டாங்க. திருப்பிச் செக் பண்ண வேற ஆளும் இல்ல, எல்லாரையும் வேற ஆர்டர்ல போட்டிருக்காங்க."

"மாஸ்டருக்குத் தெரியுங்களா?"

"ஐயோ, தெரியவே கூடாதுக்கா. இருபது வருசமாச் சேத்து வச்சு வாங்கியிருக்காரு. இதுனாலதான் என் வேலைக்கு வெனைன்னு தெரிஞ்சா மனுசன் ஒடிஞ்சு போவாரு. பாக்க இதே மாதிரி, கொக்கி இல்லாம ஒண்ணு குடுத்துருங்க. ஆறரைக்குக் கூட்டிட்டுப் போக வந்துருவாரு. அதுக்குள்ள என் விரல்ல கிடக்கணும்."

அப்படியொண்ணு ட்ரேயில இருக்கத்தான் செஞ்சுது. கல்லு அமுங்கி, வழவழன்னு, துணியில மாட்டவே மாட்டாது. ஆனா அது அமெரிக்கன் டைமண்டு. நெசவைரத்தை அப்படி வெக்கணும்னா ஆசாரிகிட்டக் குடுக்கணும், பத்து நாளாகும். அதைச் சொன்னேன். "எனக்கு எதுக்குக்கா வைரம், அவரு சந்தோசமா இருந்தாச் சரி"ன்னாங்க. மேனேஜர் பின்னால வந்து காதுக்கிட்ட, "அவங்களே கேக்கறாங்களே, குடுத்து அனுப்புங்கக்கா. நமக்கென்ன?"ன்னாரு.

அந்த மோதிரத்தைக் கையிலயும் எடுத்துட்டேன். பொய் சொல்லக் கூசறேன், குடுத்தறலாம்னுதான் முதல்ல நெனச்சேன். என்ற தப்பும் அதோட மூடிக்குமே! அப்பறம் அந்த நூல் ஞாபகம் வந்துச்சு. அவரு கட்டிங் மாஸ்டர். ரெண்டு துணிக்குச் சாயம் ஒரு பொட்டு வித்தியாசப்பட்டாலும் தள்ளி வெக்கற கண்ணு. இன்னிக்கில்லாட்டி என்னிக்காவது கண்டுபுடிப்பாரு. அப்ப "வைரம் எங்க போச்சு"ன்னு யாரைக் கேப்பாரு? என்னையா கேப்பாரு? சம்சாரம் வித்துப்போட்டாளோன்னு ஒரே ஒரு நிமிசம் நெனச்சாலும், அந்த இருபது வருசம் என்னாகறது?

மோதிரத்தை ட்ரேயில திருப்பி வெச்சேன். "நான் குடுக்க மாட்டேனுங்க. தப்பு என்னுது. மாஸ்டர்கிட்ட நானே சொல்றேன்"னேன்.

பாண்டியம்மாவுக்கு வந்துச்சு பாருங்க கோவம். "உங்கள நம்பித்தானக்கா வந்தேன். உங்ககிட்டச் சொன்னதுக்கு ரோட்டுல நின்னு கத்தியிருக்கலாம்"னாங்க. கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுச்சு. இருந்தாலும் பில்லுல இருந்த நம்பருக்குப் போனைப் போட்டேன். "மாஸ்டர், உங்களுக்கு ஆகாத பொருளைக் குடுத்துட்டேனுங்க. சம்சாரமும் இங்கதான் இருக்கறாங்க. சித்த வந்துட்டுப் போங்க."

அரைமணி நேரத்துல வந்துட்டாரு, தோள்ல இஞ்ச் டேப்போட. நான் நின்ன எடத்துலயே எல்லாத்தையும் சொன்னேன். கம்பெனியில என்ன வேலைன்னு கேக்காம வித்ததைச் சொன்னேன், நானும் செக்கிங்ல இருந்தவதான்னு சொன்னேன். அவரு என்னைப் பாக்கவே இல்ல. டப்பாவுல இருந்த மோதிரத்தையும் சம்சாரத்தோட கையையும் மாத்தி மாத்திப் பாத்துட்டே இருந்தாரு.

"ஏன் பாண்டி, எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஆசையாப் போட்டுவிட்டீக. எப்படிச் சொல்ல?"

மாஸ்டர் நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. "கட்டிங் டேபிள்ல மோதிரத்தோட எவனாச்சும் துணியத் தொட்டா அவனை உண்டு இல்லன்னு ஆக்குறவன்க்கா நானு. எனக்கே தோணல பாருங்க. கல்யாணத்தன்னைக்கு அவ கையப் புடிச்சேன்ல, அந்தக் கைதான் மனசுல இருந்துச்சு."

பாருங்க கண்ணுகளா, அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் கல்லைப் பாத்தோம், கையைப் பாக்கலை.

மோதிரத்தை அப்பறம் பாத்துக்கலாம், வேலை போனாத் திரும்ப வருமா? மேனேஜர்கிட்ட அரைநாள் லீவு கேட்டேன். "எங்கக்கா போறீங்க?"ன்னாரு. "செக்கிங்குக்கு"ன்னேன். மசை புடிச்சுருச்சோன்னு, பைத்தியத்தைப் பாக்கறாப்டி பாத்தாரு. ஆனா போகவேண்டாம்னு சொல்லலை, அந்தப் புண்ணியம் அவருக்கு.

மூணு பேரும் ஆட்டோவுல நெருப்பெரிச்சல்ல இருக்கற பாண்டியம்மா கம்பெனிக்குப் போனோம். சின்ன யூனிட்டு, ஒரு ஷெட்டு. ஓனரம்மா நம்ம பக்கத்துக்காரங்க. நான் பட்டுச் சீலையும் கடை பேட்ஜுமாப் போயி நின்னதைப் பாத்து, "ஏனுங்க, நகைக்கடைக்காரங்களுக்கு இங்க என்ன சோலி?"ன்னாங்க. சொன்னேன். "நானும் ஆறு வருசம் செக்கிங்ல இருந்தவளுங்க. இந்தம்மா கை பட்ட கட்டு அத்தனையும் நான் பாத்துத் தர்றேனுங்க. ஒரு பீஸ் விட்டுப் போனாலும் என்ற மூஞ்சியில காறித் துப்புங்க"ன்னேன்.

அவங்க என்னைச் சோதிச்சுப் பாத்தாங்க. இழுப்பு கண்டுபுடிச்ச மூணு பீஸ்ல ஒண்ணை நல்ல பீஸ்களோட கலந்து என்ற முன்னால போட்டாங்க. என்ற மோதிரம், வளையல் அத்தனையையும் கழட்டினேன். பாண்டியம்மா தன்னோட கைக்குட்டையில வாங்கி முடிஞ்சு வெச்சுக்கிட்டாங்க. நான் வெட்டாம வெச்சிருந்த சுண்டுவிரல் நகத்தையும் அங்கயே கத்தரி வாங்கி வெட்டினேன். ஒவ்வொரு பீஸா உள்ள கையை விட்டுத் தடவினேன். அஞ்சாவது பீஸ்ல விரல் நின்னுருச்சு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. "கழுத்துப் பட்டிக்குக் கீழ, எடது பக்கமுங்க"ன்னேன். ஓனரம்மா பாத்தாங்க. "உக்காருங்க"ன்னாங்க.

பத்துப் பன்னெண்டு கட்டு இருந்துச்சு. நான் பாக்கப் பாக்க மாஸ்டர் மடிச்சு அடுக்கினாரு. பாண்டியம்மா கை படக்கூடாதுங்கறதால எதுத்தாப்ல உக்காந்து என்ற விரலையே பாத்துட்டு இருந்தாங்க. பரிட்சையில பேப்பர் திருத்தற டீச்சர் எதுத்தாப்ல உக்காந்தாப்டி இருந்துச்சு எனக்கு. "அக்கா, அக்குளுக்கிட்ட நல்லாப் பாருங்க"ன்னு ரெண்டு தடவை அதட்டு வேற! கோவம் கொறைஞ்சுருச்சுன்னு அதுலதான் தெரிஞ்சுது.

அப்ப ட்யூப்லைட் வெளிச்சத்துல அவங்க மூஞ்சி நேரா தெரிஞ்சுது. மூக்குல குத்தின ஓட்டை. தூந்து போகாம இருக்க ஒரு ஈர்க்குச்சியைச் சொருகி வெச்சிருந்தாங்க. அடக்கடவுளே! அன்னிக்கு மாஸ்டர்கிட்ட, "சம்சாரம் போட்டோ இருக்குதுங்களா, காட்டுங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தேன்னா இத்தனை வம்பு வந்திருக்காதே.

"மாஸ்டர், வண்டியில போறப்ப சம்சாரம் பின்னால உக்காந்தா உங்களுக்குக் கை தெரியுங்களா, மூஞ்சி தெரியுங்களா?"

"கை எப்படிக்கா தெரியும்? கண்ணாடியில மூஞ்சிதான் தெரியும்."

"அப்ப அந்தக் கல்லை மூக்குக்கு மாத்திரலாமுங்க. அதே கல்லு, அதே வைரம்."

பாண்டியம்மா மூக்கைத் தொட்டுப் பாத்துக்கிட்டாங்க. மாஸ்டர் மடிக்கறதை நிறுத்திட்டாரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டதுல நான் ஒருத்தி அங்க இருக்கறதே மறந்து போச்சு அவங்களுக்கு. நான் குனிஞ்சு அடுத்த கட்டைப் பிரிச்சேன்.

ஆறரை மணிக்குக் கடைசிக் கட்டு முடிஞ்சுது. இழுப்பு விழுந்த பீஸு மொதல்ல மூணு, அப்பறம் நான் எடுத்தது ஒம்பது. மறுநாள் மத்தியானம் பாண்டியம்மா போன் பண்ணினாங்க. "பாஸ் ஆயிருச்சுக்கா. நான் டேபிள்ல உக்காந்துட்டேன்"ன்னாங்க.

ஆசாரி அந்தக் கல்லைத் திருகு வெச்ச மூக்குத்தியாப் பண்ணினாரு. மிச்சத் தங்கத்துல மஞ்சக்கயிறுல கோக்க ரெண்டு குண்டு. கூலியை என்ற சம்பளத்துல புடிச்சுக்கங்கன்னு மேனேஜர்கிட்டச் சொன்னேன், அவரு கடைசி வரைக்கும் புடிக்கலை. பத்தாம் நாள் ரெண்டு பேரும் வந்தாங்க. நம்ம கண்ணாடியில பாத்து பாண்டியம்மாவே மாட்டிக்கிட்டாங்க. அந்த ஈர்க்குச்சியைக் கீழ போடாம மாஸ்டர் வாங்கிப் பையில போட்டுக்கிட்டாரு.

நான் வாசல் வரைக்கும் போனேன். பாண்டியம்மா பின்னால ஏறி உக்காந்தாங்க. மாஸ்டர் வண்டியை எடுக்கறதுக்கு முன்னால கண்ணாடியைத் திருப்பினாரு, திருப்பினாரு, திருப்பிட்டே இருந்தாரு. பின்னால வர்ற பஸ்ஸு தெரியறதுக்கா திருப்பினாரு? "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க மாஸ்டர்!"ன்னு கத்தினேன். கடைவீதியே திரும்பிப் பாத்துச்சு.

அதுக்கப்பறம் கல்யாண நாளுக்குன்னு யாரு வந்தாலும் நான் ட்ரேயைத் தொடறதுக்கு முன்னால கேட்டுருவேன். அவங்களுக்கு என்ன வேலைங்க, கையில என்ன புடிப்பாங்க, போட்டோ இருக்குதுங்களா, நீங்க அவங்களை எங்க வெச்சுப் பாப்பீங்கன்னு. சில பேரு சிரிப்பாங்க, சில பேருக்குப் பதிலே தெரியாது, போயி ஊட்ல பாத்துட்டு மறுநாள் வருவாங்க. அப்படித் திரும்பி வந்தவங்க ஒருத்தரும் மாத்தறதுக்குன்னு மறுபடி வந்ததில்ல. இத்தனையும் பாண்டியம்மா எனக்குக் குடுத்தது. வாசல்ல நின்னு கத்தியிருந்தாங்கன்னா அன்னிக்கே என்ற வேலை போயி ஊட்டுக்குப் போயிருப்பேன். அவங்க கையை விரிச்சுக் காட்டினாங்க. சாகற வரைக்கும் அந்தம்மாவுக்கு நான் கடன்பட்டவ.

மாலை போட்ட அன்னிக்குக் கவுண்டர்ல இருந்த என்ற சாமானை எல்லாம் எடுத்துட்டு வந்துட்டேன், ஒண்ணைத் தவிர. மூணாவது டிராயர்ல, அளவு வளையம் வெக்கற டப்பாவுக்கு அடியில ஒரு கைக்குழந்தை பனியன் இருக்கும். நான் எடுத்த ஒம்பதுல கடைசிப் பீஸ். "உங்களுக்குத்தான்க்கா"ன்னு பாண்டியம்மா என்ற கையில குடுத்தது. பழைய துணின்னு தூக்கிப் போட்றாதீங்க, சாமி. மோதிர ட்ரேயைத் தொறக்கறதுக்கு முன்னால ஒரு வாட்டி உள்ள கையை விட்டுத் தடவிப் பாருங்க. வலது தோளுக்குக் கீழ, தையலை ஒட்டி. கண்ணுக்குத் தெரியாது, விரல் நிக்கும்.